நம் தெருப் பூங்காவுக்கு அரசுப் பணம் எப்படி வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில், 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஒரு பகுதியில் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் மனைப்பிரிவுக்கு நடுவே சீமைக்கருவேலும் கட்டட இடிபாடுமாகக் கிடந்த ஆறு கிரவுண்டு இடம் இன்று பூங்காவாக இருக்கிறது. அது திறந்ததிலிருந்து அக்கம்பக்கத்துச் சங்கங்களிலிருந்து போன் வராத வாரம் இல்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதிவைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

1. பூங்கான்னா கார்ப்பரேஷன் வேலைதானே? இதுல மாநில அரசுப் பணம் எங்க வருது?

வேலை மாநகராட்சியுடையதுதான். 1992-இல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளின் பொறுப்புகளை 12-வது அட்டவணையில் பட்டியல் போட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் பொறுப்பு வந்த அளவுக்கு வருமானம் வரவில்லை. நாம் கட்டும் சொத்து வரி, தொழில் வரியில் சம்பளம், குப்பை, தெருவிளக்கு, சாலை என்று போக மிச்சப்படுவதில்தான் பூங்கா.

அந்தக் குறையை மாநில அரசு இரண்டு வழியில் நிரப்புகிறது. ஒன்று, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு. தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குகிறது. இது பொதுப் பணம், எதற்கு என்று பெயர் எழுதி வருவதில்லை. இன்னொன்று திட்டப் பணம்: சிங்காரச் சென்னை 2.0, நமக்கு நாமே, எம்.எல்.ஏ. தொகுதி நிதி மாதிரி. இதில் எதற்கு, எவ்வளவு, எப்போதுக்குள் என்று எல்லாம் எழுதியிருக்கும். புதுப் பூங்கா பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது.

2. சிங்காரச் சென்னை திட்டத்துக்கு நாமளே அப்ளிகேஷன் போடலாமா?

முடியாது. அது மாநில அரசு மாநகராட்சிக்குக் கொடுக்கும் பணம். எந்தப் பூங்கா, எந்தத் திடல் என்று மாநகராட்சிதான் பட்டியல் தயாரித்து அனுப்புகிறது. 'சிங்காரச் சென்னை' 1990-களிலேயே புழக்கத்துக்கு வந்த பெயர். இப்போது நடப்பது 2021-இல் அறிவித்த 2.0. சங்கம் செய்யக்கூடியது, அந்தப் பட்டியல் தயாராகும்போது நம் இடமும் அதில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. பட்டியலில் சேர வேண்டுமானால் இடத்தின் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். அடுத்த இரண்டு பதில்களும் அதைப் பற்றித்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கதீட்ரல் சாலையில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்காவும், அதன் எதிரே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் மாநகராட்சிப் பூங்காக்கள் அல்ல. இரண்டும் மாநிலத் தோட்டக்கலைத் துறையுடையவை. அடையாற்றின் தொல்காப்பியப் பூங்கா, சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. "அங்க அவ்வளவு கோடி போடுறாங்க, நமக்கு ஏன் இல்லை?" என்று கவுன்சிலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தப் பணம் அவர் கைக்கு வரவே வராது.

3. எங்க தெரு முனையில காலி இடம் ஒண்ணு கிடக்கு. பூங்காவாக்க முதல்ல யாரைப் பார்க்கணும்?

யாரையும் பார்க்க வேண்டாம், முதலில் காகிதத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அரசுப் பணம் எந்தத் திட்டத்தில் வந்தாலும் கோப்பின் முதல் தாளில் ஒரு கேள்வி இருக்கும்: இடம் யாருடையது? அதற்குப் பதில் இல்லாத கோப்பு மேலே போகாது. போனாலும் திரும்பி வரும்.

காலி இடம் என்று நாம் சொல்வது நாலைந்து வகையாக இருக்கலாம். மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடம். அதுதான் நமக்கு வேண்டியது. ஒதுக்கினார்கள், பத்திரம் மட்டும் எழுதவில்லை என்றால் வேலை கொஞ்சம் நீளும். அரசுப் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை மாநகராட்சிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் கதையே வேறு, 11-வது கேள்வியில் சொல்கிறேன். கடைசியாக, யாரோ ஒருவருடைய தனிப் பட்டா மனை. அவர் வெளிநாட்டில் இருப்பதால் காலியாகக் கிடக்கிறது. இப்படி ஓர் இடத்துக்கு முந்நூறு கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்த சங்கத்தை எனக்குத் தெரியும்.

நாங்களும் தடுக்கி விழுந்தோம். உற்சாகத்தில் வீட்டுக்கு வீடு பணம் வசூலித்து முடித்த பிறகுதான் தானப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். பத்திரத்தில் இருந்த புல எண்ணின் (சர்வே எண்) உட்பிரிவும், நில அளவைப் பதிவேட்டில் இருந்த உட்பிரிவும் ஒன்றாக இல்லை. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அதைத் திருத்தி வாங்க 14 மாதம் ஆனது. அதுவரை வசூல் பணத்தை வங்கியில் வைத்துக்கொண்டு, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 14 மாதத்தில் எனக்குப் பாடமானதுதான் கீழே உள்ள வரிசை: அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், தானப் பத்திரத்தின் நகல், பதிவுத்துறையிலிருந்து வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவை வரைபடம். ஐந்திலும் புல எண்ணை விரல் வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம் வசூலை ஆரம்பியுங்கள்.

4. ஓ.எஸ்.ஆர். இடம், ஓ.எஸ்.ஆர். இடம்னு சொல்றாங்களே, அது என்ன?

திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய நிலத்தில் மனை பிரித்தாலோ அடுக்குமாடி கட்டினாலோ, அதில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்கு விட வேண்டும் என்ற விதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு கிடையாது. 3,000-லிருந்து 10,000 வரை, சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதம் விட வேண்டும், அல்லது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது. நிலமாகவே தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதுவரை ஊராட்சியாக, பேரூராட்சியாக, நகராட்சியாக இருந்த பகுதிகள் உள்ளே வந்தன. எங்கள் மாதிரிப் பகுதிகளில் தானப் பத்திரம் பழைய ஊராட்சியின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். அது செல்லாது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பழைய உள்ளாட்சியின் சொத்து புதிய உள்ளாட்சிக்குத்தான் வரும். ஆனால் பட்டாவில் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், மாறவில்லை என்றால் அதற்கு ஒரு மனு தனியாகக் கொடுங்கள்.

5. கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மூணு பேர்கிட்டயும் மனு கொடுத்து வைக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் மூவரிடமும் ஒரே மனுவைக் கொடுக்காதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு நிதியில் எஸ்டிமேட் போட்டால் இரண்டுமே நின்றுவிடும். வேலையைப் பிரித்துக் கேளுங்கள்.

கவுன்சிலரிடம் வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. சென்னையில் 200 வார்டு, ஒவ்வொன்றுக்கும் மாநகராட்சி பட்ஜெட்டில் ஆண்டுக்கு ஒரு தொகை. அது சின்னப் பணம், ஆனால் சீக்கிரம் நகரும் பணம். விளக்கு, பெஞ்சு, குழாய், ஊஞ்சல் பழுது எல்லாம் இங்கே. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் மாநில அரசு தருகிறது. சுற்றுச்சுவர், நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக்கூடம், கழிப்பறை மாதிரி கட்டுமான வேலைக்கு இது பொருத்தம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, அது மத்திய அரசுப் பணம். அதில் நிலையான பொதுச் சொத்து உருவாக்கலாம். நிலம் வாங்க முடியாது, பராமரிப்புக்குச் செலவிட முடியாது.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பலர் பிப்ரவரியில் மனுவோடு போய் நிற்கிறார்கள். அப்போது பணம் பெரும்பாலும் ஒதுக்கி முடிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில், புல எண், அளவு, போட்டோ எல்லாம் வைத்த மனு மேசையில் இருந்தால் அதற்கு மதிப்பு தனி.

6. நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு நாங்க கட்டணுமாமே. எங்களால ஆகுமா?

ஆகும், கணக்குப் போட்டுப் பார்த்தால். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மிச்சத்தை அரசு போடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். 15 லட்ச ரூபாய் எஸ்டிமேட் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் பங்கு 5 லட்சம். 200 வீடு இருந்தால் வீட்டுக்கு 2,500 ரூபாய். எல்லா வீடும் தராது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பம் 500 ரூபாய் தரும்போது, மாடி வீட்டுக்காரர் ஒருவர் தன் பங்காக 10,000 எடுத்து நீட்டுவதையும் பார்த்திருக்கிறேன். பங்கைத் தனி ஆள் கட்டலாம், சங்கம் கட்டலாம், நிறுவனமும் கட்டலாம்.

இந்தத் திட்டத்தை நான் விரும்புவதற்குக் காரணம், நாம் பணம் கட்டிய வேலையை நாம் கண்காணிப்போம் என்பது. எங்கள் நடைபாதைக்கு ஜல்லி கொட்டிய அன்று மட்டும் எட்டுப் பேர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஒப்பந்ததாரருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஜல்லி அளவாக வந்தது.

வசதியில்லாத குடியிருப்புகளுக்கு இந்தத் திட்டம் எட்டாது என்ற குறை எனக்கு இருக்கிறது. காசு கட்டக்கூடிய தெருவுக்குத்தான் அரசின் இரண்டு பங்கும் வருகிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை அந்த மூன்றில் ஒரு பங்காகக் கட்டவைக்கலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிடச் சொல்கிறது. பக்கத்தில் பெரிய கம்பெனி இருந்தால் கேட்கத் தயங்காதீர்கள்.

7. நாங்க காசு கட்டின பூங்கா. வெளியாள் வராம கேட்டைப் பூட்டி வெச்சுக்கலாமா?

கூடாது. நீங்கள் கட்டியது பங்களிப்பு, விலை அல்ல. இடமும் சொத்தும் மாநகராட்சியுடையவை, பூங்கா எல்லாருக்கும். திறக்கும் நேரம், மூடும் நேரத்தை மாநகராட்சியோடு பேசி முடிவு செய்யலாம், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் ஊஞ்சலை உடைத்துவிடுவார்கள் என்பதுதான் அது. எங்கள் பூங்காவுக்கும் அந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் கால் நீட்ட இடம் இல்லாத பிள்ளைக்குத்தான் பூங்கா அதிகம் தேவை. ஊஞ்சல் உடைந்தது உண்மை. உடைந்தது தரம் குறைந்த போல்ட்டால்.

8. எஸ்டிமேட் போட வர்றாங்க. என்னென்ன கேட்கணும்?

நீரூற்று கேட்காதீர்கள். நுழைவாயில் வளைவும் வேண்டாம். பல பூங்காக்களில் முதலில் சாவது நீரூற்று, அப்புறம் அதன் தொட்டியில் கொசு. கேட்க வேண்டியது நிழல், தண்ணீர், கழிப்பறை, வெளிச்சம், இந்த வரிசையில்.

மே மாதம் பகல் 3 மணிக்கு ஒரு நாள் பூங்காவுக்குப் போய் இரும்புச் சறுக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். எடுத்துவிடுவீர்கள். ரப்பர் தரையும் அப்படித்தான் கொதிக்கும். எங்கள் பூங்காவில் சறுக்கைத் திட்டத்தில் காட்டிய மேற்கு மூலையிலிருந்து, ஏற்கெனவே நின்றிருந்த வேம்பின் அடிக்கு மாற்றச் சொன்னோம். காசு கூடவில்லை, கோடு மட்டும் மாறியது. இன்று 4 மணிக்கே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அதே வேம்பைச் சுற்றிக் கட்டிய திண்ணையில் அவர்களுடைய பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மரத்துக்கும் திண்ணைக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்கு மண் விடச் சொல்லுங்கள். தண்டை ஒட்டி சிமென்ட் போட்டால் மரம் பட்டுப்போகும்.

புது மரம் என்றால் வேம்பு, புங்கன், நாவல், மகிழம், பூவரசு என்று நம் மண்ணின் மரங்களைக் கேளுங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது, அழகுக்கென்று வைத்த மேல்வேர் மரங்கள் எத்தனை சாய்ந்தன என்பதைப் பார்த்தோமே. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியதிலிருந்து வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக் கன்றுகள் கிடைக்கின்றன. கன்றுக்கு எஸ்டிமேட்டில் பணம் வைப்பதைவிட, கூண்டுக்கும் இரண்டு வருடத் தண்ணீருக்கும் வைக்கச் சொல்வது மேல்.

சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாசல், சாய்வுப் பாதை கேளுங்கள். மாடு வராமலிருக்க வைக்கும் சுழல் கேட், தாத்தாவையும் வரவிடாமல் செய்துவிடுகிறது. கடைசியாக, பூங்காத் தரை சாலையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். மழைநீர் உள்ளே இறங்கி நிலத்தடிக்குப் போகும். மாநகராட்சி இப்போது அமைக்கும் பஞ்சுப் பூங்காக்களின் அடிப்படை இதுதான்: தெருத் தண்ணீரைப் பூங்கா உறிஞ்சிக்கொள்வது. லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் சிமென்ட் கல் பதித்தால் பூங்காத் தண்ணீர் நம் வீட்டுக்குள் வரும்.

9. மனுவை எங்க கொடுக்கணும்? எப்படி எழுதணும்?

ஒரு பக்கம் போதும். இடம், புல எண், அளவு, சுற்றியுள்ள வீடுகளின் எண்ணிக்கை, பக்கத்தில் இருக்கும் பூங்கா எவ்வளவு தூரம், என்ன வேண்டும். அவ்வளவுதான். 3-வது பதிலில் சொன்ன நகல்களைப் பின்னால் இணையுங்கள். வார்டு உதவிப் பொறியாளரிடம் ஒன்று, மண்டல அலுவலகத்தில் ஒன்று, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் பூங்காத் துறைக்கு ஒன்று. மூன்றிலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பகுதி சபைக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். கிராம சபை போல நகரத்துக்கு வந்தது இது. 2022 நவம்பர் 1-இல், உள்ளாட்சிகள் தினத்தன்று தொடங்கியது. அதில் நம் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அப்புறம் அது ஒரு சங்கத்தின் ஆசையாக நிற்பதில்லை. மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு போன் செய்வது பழுதுக்குச் சரி. புதுப் பூங்கா கேட்பதற்கு அது இடமல்ல.

10. "சேங்ஷன் ஆயிடுச்சு"ன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. ஒரு செங்கல் கூட வரலையே?

எந்தச் சேங்ஷன் என்று கேளுங்கள். பணம் ஒதுக்க நிர்வாக ஒப்புதல் ஒன்று. எஸ்டிமேட் சரி என்று பொறியாளர் தரும் தொழில்நுட்ப ஒப்புதல் இன்னொன்று. அதற்குப் பிறகு டெண்டர். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன்படி அதற்கென்று முறை இருக்கிறது. யாரும் டெண்டர் போடவில்லை என்றால் மறுபடி அழைக்க வேண்டும். சின்னப் பூங்கா வேலைகளில் இது அடிக்கடி நடக்கிறது. டெண்டர் முடிந்து பணி ஆணை கொடுத்த பிறகுதான் ஆள் வருவார்.

வாயால் கேட்டுத் தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டிவிடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது. ஏன் என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "நிர்வாக ஒப்புதல் எண், தேதி, எஸ்டிமேட் நகல், டெண்டர் அறிவிப்பு நகல், பணி ஆணை நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். எந்த ஆவணம் இல்லை என்று பதில் வருகிறதோ, கோப்பு அங்கேதான் நிற்கிறது.

11. ஏரிக்கரையில வாக்கிங் டிராக் போட்டுப் பூங்காவாக்கலாம்னு இருக்கோம். அதுக்குப் பணம் கிடைக்குமா?

கரையில் நடைபாதைக்குக் கிடைக்கும். சிங்காரச் சென்னை, நமக்கு நாமே, மத்திய அரசின் அம்ருத் 2.0, மூன்றிலும் நீர்நிலைச் சீரமைப்பு உண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) ஏரிக்கரை மேம்பாட்டை எடுத்துச் செய்கிறது. ஆனால் ஏரி யாருடையது என்று முதலில் பாருங்கள். மாநகராட்சி வசம் சில, நீர்வளத் துறை வசம் சில. அடுத்த துறையின் ஏரியில் மாநகராட்சி ஒரு பெஞ்சு போடுவதற்கும் தடையின்மைச் சான்று வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், தண்ணீர் நிற்கும் பரப்பில் ஓர் அடிகூடக் குறையாமல் செய்ய முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள். நடைபாதைக்காகக் கரையை உள்பக்கம் தள்ளி, நடுவில் தீவு கட்டி, சுற்றிச் சிமென்ட் சுவர் எழுப்பினால் அது ஏரியாக இருக்காது, பெரிய தொட்டியாகிவிடும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஏரியின் ஒவ்வோர் அடியும் எங்கள் வீட்டுக்குள் வராத தண்ணீர்.

12. திறந்து மூணு வருஷத்துல பாழாப் போயிடுச்சு. பராமரிக்க அரசு பணம் தராதா?

இதுதான் உண்மையான பிரச்சினை. கட்டுவதற்குப் பணம் நாலு பக்கமிருந்தும் வரும், பராமரிப்புக்கு வராது. 5-வது பதிலில் சொன்ன எம்.பி. நிதியில் பராமரிப்பு கூடாது. திட்டப் பணங்களும் பெரும்பாலும் கட்டி முடித்ததோடு முடிந்துவிடும். மிச்சம் மாநகராட்சியின் சொந்தப் பணம்தான். சென்னையில் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. பலவற்றை ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார்கள். ஒப்பந்ததாரரின் ஆள் காலையில் வந்து பெருக்கி, தண்ணீர் விட்டு, அடுத்த பூங்காவுக்குப் போக வேண்டும். நம் பூங்காவின் ஒப்பந்தத்தில் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று 10-வது பதிலில் சொன்ன வழியில் நகல் வாங்கிக் கையில் வைத்திருங்கள். பேச்சு சுருங்கும்.

இன்னொரு வழி தத்தெடுப்பு. சங்கமோ நிறுவனமோ மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பூங்காவைப் பராமரிக்கலாம். எடுப்பதற்கு முன் மாதச் செலவைக் கணக்குப் பாருங்கள். தோட்டக்காரர் சம்பளம், காவலாளி, மோட்டார் பழுது, உரம். மின்கட்டணம் யார் கட்டுவது, கழிப்பறை யார் கழுவுவது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். புதுக் கட்டுமானம் என்றால், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அதற்குள் உடைந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். எங்கள் ஊஞ்சல் போல்ட் அப்படித்தான் மாறியது.

13. பூங்கா இடத்துல வேற கட்டடம் கட்டப் போறாங்களாம். தடுக்க முடியுமா?

முடியும், பூங்காவாக ஒதுக்கிய இடம் என்று காகிதம் இருந்தால். உச்ச நீதிமன்றம் 1991-இல் பெங்களூரு மருத்துவ அறக்கட்டளை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை ரத்து செய்தது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கே வழக்குப் போட உரிமை உண்டு என்றும் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காக்க 1959-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி தன் எல்லையிலுள்ள பூங்காக்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் பூங்கா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கட்ட வருவது நமக்கே வேண்டியதாக இருக்கும்போது. அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி. அங்கன்வாடியை எதிர்த்துக் கொடி பிடிக்க எனக்கு மனம் வராது. மனுவில் மாற்று இடம் ஒன்றைக் குறிப்பிட்டே எதிர்ப்பைச் சொல்லுங்கள். தற்காலிகமாக எடுப்பது வேறு கதை. மெட்ரோ ரயில் வேலைக்காகச் செனாய் நகர் திரு.வி.க. பூங்கா பல ஆண்டு மூடிக் கிடந்து, திரும்பத் திறந்தது. அப்படி எடுக்கும்போது திருப்பித் தரும் கெடுவை எழுத்தில் வாங்க வேண்டும்.

14. அரசுப் பணத்துல போட்ட திடலுக்குப் பசங்ககிட்ட காசு வாங்கலாமா?

2024 அக்டோபரில் இதே கேள்விதான் எழுந்தது. ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாருக்கு விட்டு, ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கால்பந்து ஆடும் பையன்களின் கையில் 120 ரூபாய் ஏது?

செயற்கைப் புல்லுக்குப் பராமரிப்புச் செலவு அதிகம் என்பது நிஜம், 12-வது பதிலின் தொடர்ச்சிதான் இது. அதனால் எஸ்டிமேட் நேரத்திலேயே யோசியுங்கள். மண் திடலும் நல்ல வடிகாலும் இருந்தால் கட்டணம் கேட்க யாருக்கும் காரணம் கிடைக்காது.

15. பூங்காவுக்கு எங்க அப்பா பேரை வைக்கலாமா? நிறைய நன்கொடை கொடுத்திருக்கார்.

எம்.பி. நிதி என்றால் தனிநபர் பெயர் கூடாது என்று விதியே இருக்கிறது. மற்றவற்றில் பெயர் சூட்டுவது மாநகராட்சி மன்றத்தின் முடிவு, சங்கம் பலகை அடித்து மாட்ட முடியாது. அப்பாவின் பெயரில் ஒரு மரம் வையுங்கள். கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் நீங்களே ஊற்றுங்கள்.

16. எல்லாக் காகிதமும் சரியா இருக்கு, ஆனா எங்க சங்கம் பதிவு பண்ணலை. பரவாயில்லையா?

மனு கொடுக்கப் பதிவு தேவையில்லை, ஐந்து பேர் கையெழுத்தே போதும். பணம் வசூலிக்க, வங்கிக் கணக்கு தொடங்க, தத்தெடுப்பு ஒப்பந்தம் போடப் பதிவு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் செய்யலாம். ஏழு பேர் இருந்தால் ஆயிற்று. அந்த ஏழு பேரில் தினமும் மாலை பூங்காவுக்கு வரும் ஒரு பாட்டியையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத்தில் குழாய் ஒழுகுவதை முதலில் சொல்வது அவர்தான்.